ரேடியோ கட்டியவர்களும் பாட்டு ஏற்றியவர்களும்

சங்கராபுரம் வட்டாரத்தில் ரேடியோ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, வீட்டு மாடத்தில் உட்கார்ந்து செய்தி வாசிக்கும் பெட்டி. மற்றொன்று, கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஆடி மாதக் கூழ் ஊற்றலுக்கும் மரத்தில் ஏற்றிக் கட்டும் குழாய் ஒலிபெருக்கி. ‘ரேடியோ கட்டியாச்சா?’ என்று ஒருவர் கேட்டால் அது இரண்டாவதைத்தான் குறிக்கும். வானொலி நிலையத்தோடு ஒட்டும் உறவும் இல்லாத கருவிக்கு இந்தப் பெயர் நிலைத்துவிட்டதில் வியப்பில்லை. பாட்டுப் பாடும் இயந்திரத்தைப் பெரும்பாலானவர்கள் முதன்முதலில் கேட்டது அந்தக் குழாயின் வழியாகத்தான். ஒரு நாள் வாடகைக்கு வந்த குழாய் முந்தியது. சொந்தக் காசில் வாங்கிய பெட்டி பிந்தியது. பிறகு வந்த கருவிகளில் பலவும் இதே வரிசையில்தான் வந்தன. முதலில் கடைக்காரரிடம் கூலி கொடுத்துப் பயன்படுத்துவது, வெகு நாள் கழித்தே வீட்டுக்கு வாங்குவது. எது நல்ல பொருள், எது உழைக்காது என்ற ஊர்ப்பேச்சும் அந்தக் கடைகளின் மேசையிலிருந்தே கிளம்பியது.

கல்வராயன் மலையின் கிழக்கே விரியும் சமவெளியில், கள்ளக்குறிச்சியிலிருந்து திருவண்ணாமலை போகும் வழியில் இருக்கிறது சங்கராபுரம். பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். 1993 செப்டம்பர் 30இல் விழுப்புரம் மாவட்டத்துக்குப் போய், 2019 நவம்பர் 26இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு வந்தது. புதுப்பட்டு, வடபொன்பரப்பி, தியாகராஜபுரம் முதலிய ஊர்களுக்குக் கடைவீதி இதுதான். வடக்கே மூங்கில்துறைப்பட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. ஆலையிலிருந்து கரும்புப் பணம் கைக்கு வரும் மாதங்களில்தான் வீட்டில் ரேடியோ, டிவி வாங்கும் பேச்சே எழும். மற்ற மாதங்களில் வாடகைக் கருவிதான்.

ரேடியோ செட்காரரின் சாமான்கள் ஒரு மாட்டுவண்டி மூலைக்குள் அடங்கிவிடும். ஒரு ஆம்ப்ளிபையர், தட்டு சுழலும் பெட்டி, இரண்டோ நான்கோ குழாய்கள், சுருட்டிய ஒயர், ஒரு மைக், தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டுகள், சின்ன டப்பாவில் ஊசிகள். மின்சாரம் எட்டாத ஊராக இருந்தால் கார் பேட்டரியும் கூட வரும். குழாய்களை எந்தத் திசைக்குத் திருப்புவது என்பதில் கல்யாண வீட்டாருக்குத் திட்டமான கருத்து இருந்தது. ஒன்றாவது சம்பந்தி ஊர்ப்பக்கம் பார்க்க வேண்டும். இன்னொன்று பங்காளிகள் தெருவைப் பார்க்க வேண்டும். அடுத்த ஊருக்குக் கேட்காத கல்யாணம் அந்தக் காலக் கணக்கில் பாதிக் கல்யாணம். வேப்பமரத்தின் உச்சியில் குழாயைக் கட்டிவிட்டு இறங்கியதும் முதல் தட்டு சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. கோயில் திருவிழா என்றால் அடுத்தது எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. இந்த வரிசையை எந்தச் சங்கமும் வகுக்கவில்லை, ஆனாலும் மாறியதில்லை.

நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் பாட்டு இல்லை. அது முடிந்ததும் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். தேய்ந்த ஊசியை மாற்ற வேண்டும். செட்டுக்குக் காவல் வந்த பையனால் பந்தியில் நிதானமாக உட்கார்ந்து சாப்பிட முடியாது. இலையைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொள்வான். நடுவில் மைக் பிடித்து மொய் வாசிப்பதும் அவன் வேலையாகவே முடியும். யார் எவ்வளவு எழுதினார்கள் என்பதைப் பக்கத்து ஊர் வரை கொண்டுபோன மைக்குக்கு மொய்த் தொகையைக் கூட்டியதில் பங்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

கூத்தையும் மைக் மாற்றியது. திரௌபதி அம்மன் கோயில்களில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தில், கடைசி வரிசையில் சாக்கு விரித்துப் படுத்திருப்பவருக்கும் கேட்கும்படி தொண்டையைத் திறந்து பாடுவதே நடிகரின் பயிற்சி. ஆடுகளத்தின் நடுவில் மேலிருந்து மைக் தொங்கத் தொடங்கியதும், துரியோதனனும் துச்சாதனனும் வசனத்துக்கு முன்னால் அந்த ஒரு புள்ளிக்கு வந்து நிற்க வேண்டியதாயிற்று. சுற்றிச் சுற்றி ஆடிய ஆட்டத்துக்கு ஒரு மையம் விழுந்தது. குரல் மிஞ்சியது, நடை குறைந்தது. கூத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒப்பனையையும் கிரீடத்தையும் வர்ணிக்கும் அளவுக்கு இந்தத் தொங்கும் மைக்கைக் கவனிப்பதில்லை.

உண்மையான வானொலியின் வரலாறு இதற்கு இணையாக, வேறொரு பாதையில் ஓடியது. சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய மதராஸ் மாகாண வானொலிக் கழகம் 1924இல் ஒலிபரப்பத் தொடங்கி, பணமில்லாமல் 1927இல் நின்றது. அதன் கருவிகளைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930இல் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16இலும் திருச்சி நிலையம் 1939 மே 16இலும் வந்தன. புதுச்சேரி நிலையம் 1967 செப்டம்பரில் திறந்த பிறகு தென்னார்க்காட்டு ஊர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு குரல் கிடைத்தது.

பெட்டி வைத்திருக்க உரிமம் வேண்டும். அஞ்சல் நிலையத்தில் ஆண்டுக் கட்டணம் கட்டி அதற்கான புத்தகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். 1980களின் நடுப்பகுதியில்தான் இந்த ஏற்பாடு ஒழிந்தது. வால்வு ரேடியோவின் விலையும் ஒரு சிறு விவசாயிக்கு எட்டாதது. ஆகவே கிராமத்துக்கு வந்தது பஞ்சாயத்து ரேடியோ. பஞ்சாயத்து அலுவலகத்தை ஒட்டிய சிறு அறையில் பெட்டி பூட்டியிருக்கும்; கூரைமேல் குழாய். மாலையில் ஒருவர் வந்து திறந்து வைப்பார், இரவில் பூட்டிப் போவார். பஞ்சாயத்து அலுவலகம் எந்தத் தெருவில் இருந்ததோ அந்தத் தெருக்காரர்களுக்குத் திண்ணையில் இடம். மற்றத் தெருக்களுக்குக் காற்றில் வந்ததுதான். எந்த நிலையம் வைப்பது என்பது சாவி வைத்திருப்பவரின் விருப்பம். அவர் பாட்டுப் பிரியராக வாய்த்தால் ஊருக்கு அதிர்ஷ்டம்.

அரசு இந்தப் பெட்டிகளைக் கொடுத்தது பாட்டுக்காக அல்ல, வேளாண்மைச் செய்திக்காக. அதிலும் பலன் இல்லாமல் போகவில்லை. 1960களின் பிற்பகுதியில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல்லைத் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சி விடாமல் எடுத்துச் சொன்னதால், தஞ்சாவூர் உழவர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்தார்கள். ஆனால் கேட்பவர்களின் காது எங்கே இருந்தது என்பதற்கு வேறு சாட்சி உண்டு. தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர் 1952 வாக்கில் திரைப்பாடல்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவர, அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய நின்றுபோனது. கேட்பவர்கள் முள்ளை இலங்கைக்குத் திருப்பினார்கள். கொழும்பிலிருந்து வந்த வர்த்தக ஒலிபரப்பில் எஸ்.பி. மயில்வாகனமும், பிறகு கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் தமிழ்நாட்டு டீக்கடைகளின் வீட்டுப்பிள்ளைகளானார்கள். 1957 அக்டோபர் 3இல் விவித் பாரதி தொடங்கியது இந்த ஓட்டத்தைத் தடுக்கத்தான். இந்திய வானொலி செய்திக்கு, இலங்கை வானொலி பாட்டுக்கு என்ற பங்கீடு அதற்குப் பிறகும் வெகுநாள் நீடித்தது. காலை 7.15 மணி டெல்லிச் செய்தி முடிந்ததும் டீக்கடைக்காரர் திருகைத் திருப்பும் சத்தமே தெருவுக்குக் கடிகாரம்.

டிரான்சிஸ்டர் வந்தபோதுதான் ரேடியோ கையில் தூக்கிப் போகும் பொருளானது. மாட்டுத் தொழுவத்துக்கும் மோட்டார் கொட்டகைக்கும் கரும்புத் தோட்டக் காவலுக்கும் போனது. இதனால் அதிகம் பயன் கண்டது மலை. கல்வராயன் மலை 1976 ஜூன் வரை மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. சாலையும் மின்கம்பியும் அதற்குப் பிறகே மெல்ல ஏறின. கம்பி எட்டாத ஊரிலும் கட்டை பேசியது. பேட்டரியை அங்கே கட்டை என்றுதான் சொல்வார்கள். டார்ச் லைட்டுக்கும் ரேடியோவுக்கும் ஒரே கட்டை என்பதால், இரவில் காட்டுப்பாதையில் நடக்க வேண்டுமா, பாட்டுக் கேட்க வேண்டுமா என்ற கேள்வி தினமும் எழும். குரல் கம்மத் தொடங்கியதும் கட்டைகளைக் கழற்றி ஓட்டின் மேலோ பாறையின் மேலோ வெயிலில் காய வைப்பார்கள். சூடேறிய கட்டை இன்னும் இரண்டொரு நாள் தாக்குப்பிடிக்கும். இந்த வைத்தியம் மலையிலும் சமவெளியிலும் ஒன்றே. தீர்ந்துபோன கட்டையின் நடுவில் இருக்கும் கரிக்குச்சி பிள்ளைகளுக்குச் சுவரில் எழுத.

ரேடியோ செட்டின் தட்டையும் வீட்டு ரேடியோவின் பெட்டியையும் ஒன்றாக்கியது கேசட். ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963இல் வெளியிட்ட கருவி இந்தப் பக்கத்துக் கடைவீதிகளை நிறைத்தது 1980களில். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்தவர்கள் கொண்டுவந்த ‘டூ இன் ஒன்’ வீட்டுக்கு ஒரு மதிப்பைத் தந்தது. மேலே துணி தைத்துப் போர்த்தி வைப்பார்கள். டி சீரிஸ் மலிவு விலைக் கேசட்டுகளால் வடக்கே சந்தையைப் பிடித்த காலம் அது. தமிழில் எக்கோ, சங்கீதா, இன்ரெகோ லேபிள்கள் ஓடின. ஆனால் கம்பெனிக் கேசட் வாங்குவது பணக்காரத்தனம். ஒரு படத்தில் பிடித்தவை மூன்று பாட்டு என்றால் மற்ற பாட்டுகளுக்கும் சேர்த்து ஏன் காசு கொடுக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குப் பிறந்த பதில்தான் ரெக்கார்டிங் சென்டர். பஸ் நிலையத்தை ஒட்டிய பத்துக்குப் பத்துக் கடை. பின்சுவர் முழுக்க இசைத்தட்டுகள். முன்னால் கண்ணாடி ஷோகேஸ். வாசலில் எந்நேரமும் இளையராஜா. வாடிக்கையாளர் நோட்டில் கிழித்த தாளில் பாட்டு எழுதிக்கொண்டு வருவார். பாட்டின் முதல் வரி பாதி, படத்தின் பெயர், அதுவும் தெரியாவிட்டால் ‘மோகன் மைக் பிடிச்சிப் பாடுவாரே’. அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறேழு பாட்டு அடங்கும். தொண்ணூறில் இன்னும் மூன்று கூடும். தொண்ணூறு வாங்காதே, நாடா மெல்லிசு, சிக்கிக்கொள்ளும் என்பது கடைக்காரரின் இலவச அறிவுரை. டிடிகே என்றால் விலை கூட, ஆனால் பாட்டு கணீரென்று விழும், சோனி பரவாயில்லை, பெயர் தெரியாத கேசட் ஹெட்டைத் தின்றுவிடும் என்பவையும் அவர் வாய்ச்சொல்தான். இந்தத் தீர்ப்புகளுக்கு மேல்முறையீடு கிடையாது.

இரண்டு நாள் கழித்துக் கேசட் கிடைக்கும். உள்ளே செருகிய அட்டையில் பாட்டுகளின் பெயர் முத்து முத்தான கையெழுத்தில் இருக்கும். எழுத்துக்காகவே ஒரு பையனை வைத்திருந்த கடைகள் உண்டு. பக்கத்தின் கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவில் நின்றுபோகும். அந்தக் கேசட்டோடு வளர்ந்தவர்கள் அந்தப் பாட்டை வேறெங்கே கேட்டாலும் அதே இடத்தில் நிறுத்தத்தை எதிர்பார்ப்பார்கள். அடுத்த பாட்டாக எது வரும் என்பதும் மனப்பாடம். தான் போட்ட பட்டியல் என்பதால் அதில் ஒரு பெருமையும் இருந்தது. கல்யாணமான புதிதில் பரிசாகக் கொடுத்த கேசட், வேலைக்கு வெளியூர் போகும் நண்பனுக்குப் பதிந்து கொடுத்த கேசட் என்று பட்டியலே ஒரு கடிதமாக வேலை செய்தது.

இந்தத் தொழில் சட்டப்படி தவறு. பதிப்புரிமைச் சட்டம் 1984இலும் 1994இலும் திருத்தப்பட்டபோது இத்தகைய நகலெடுப்புக்குத் தண்டனை கடுமையானது. கடைவீதியில் இதைத் திருட்டு என்று நினைத்தவர் குறைவு. கொடுத்த காசு பாட்டுக்கு அல்ல, பதியும் கூலிக்கு என்பதே இரு தரப்பின் எண்ணமும். பிறகு மெமரி கார்டு காலத்திலும் இந்த எண்ணம் அப்படியே தொடர்ந்தது.

கேசட்டில் பாட்டு மட்டும் விற்கவில்லை. ‘திருவிளையாடல்’ கதை வசனம் ஏற்கெனவே இசைத்தட்டாக ரேடியோ செட்டுகளில் ஓடியது. 1984இல் வந்த ‘விதி’ படத்தின் நீதிமன்ற வசனம் கேசட்டாகித் திருவிழா, டீக்கடை, சலூன் என்று எங்கும் ஒலித்தது. படம் பார்க்காதவர்களும் வாதப் பிரதிவாதத்தை ஒப்பித்தார்கள்.

அதே பத்தாண்டில் வந்தது டெக். வீடியோ கேசட் ரெக்கார்டருக்கு ஊர் வைத்த பெயர் அது. டெக்கையும் கலர் டிவியையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, மொபெட்டின் பின்னால் உட்கார்ந்தவர் தலையணையை வைத்து டிவியை அணைத்துப் பிடித்தபடி கொண்டுவருவார். தெருவில் வசூல். எம்.ஜி.ஆர். படம் ஒன்று, சிவாஜி படம் ஒன்று, புதுப்படம் ஒன்று என்று மூன்று படம். புதுப்படம் கடைசியில்தான், இல்லாவிட்டால் கூட்டம் கலைந்துவிடும். வைகுண்ட ஏகாதசிக்கும் சிவராத்திரிக்கும் கண்விழிக்க இதைவிட நல்ல வழி இல்லை. சாவு நடந்த வீட்டில் காரியத்துக்கு முந்தைய இரவும் டெக் ஓடும். பாரதக் கூத்து நடத்த வேண்டிய இடத்தில் டெக் வந்துவிட்டது என்று பெரியவர்கள் குறைப்பட்டார்கள். குறைப்பட்டவர்களே எம்.ஜி.ஆர். படம் முடியும் வரை எழுந்து போகவில்லை.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. அதன் அலைக்குச் சங்கராபுரம் வெகு தூரம். தென்னைமரத்துக்குப் போட்டியாக இரும்புக் குழாயில் ஆன்டெனா ஏற்றி, பூஸ்டர் பொருத்தினால் புள்ளிமழைக்கு நடுவே உருவம் தெரியும். ஒருவர் கூரைமேல் குழாயைத் திருப்ப, மற்றொருவர் உள்ளே இருந்து ‘வந்துடுச்சு, வந்துடுச்சு, போயிடுச்சு’ என்று குரல் கொடுக்க, வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பாதி கழிந்துவிடும். சிறு ஒளிபரப்பிகள் பெருகிய 1980களின் இறுதியில் நிலைமை மாறியது. பஞ்சாயத்துக்கு டிவி அறை வந்தது. ரேடியோ அறையின் சாவி வைத்திருந்த இடத்தில் டிவி அறையின் சாவி. இந்தி தெரியாத ஊர் ஞாயிறு காலைகளில் ராமாயணத்தையும் மகாபாரதத்தையும் இந்தியிலேயே பார்த்துப் புரிந்துகொண்டது. கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு மொழி ஒரு தடையே இல்லை.

1993 ஏப்ரல் 14இல் சன் டிவி வந்ததும் டிஷ் வைத்துத் தெருவெங்கும் ஒயர் இழுத்தவர்கள் புது ஆட்கள் அல்லர். டெக் வாடகைக்கு விட்டவர்களும் ரேடியோ பழுதுபார்த்தவர்களும் கேபிள்காரர்களாக மாறினார்கள். அவர்களுடைய அறையில் பழைய டெக் ஒன்றும் ஓடிக்கொண்டிருக்கும். மாலையில் ‘லோக்கல் சேனலில்’ ஒரு படம், அதன் அடியில் நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரம் நகரும். யாருடைய வீட்டுப் பெண் வயதுக்கு வந்தாலும், யார் இறந்துபோனாலும் அந்த ஓடும் எழுத்தில் செய்தி தெரியும். உள்ளூருக்கென்று ஒரு ஊடகம் முதன்முதலில் கிடைத்தது அப்படித்தான். 1995இல் கேபிள் சட்டம் வந்தது. 2007இல் அரசு கேபிள் டிவி நிறுவனம் தொடங்கப்பட்டு, 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய் கட்டணத்தோடு மறுபடி எழுந்தது. கேபிள்காரரைப் பற்றிய குறை மட்டும் எந்த ஆட்சியிலும் மாறவில்லை: மழை வந்தால் போய்விடும், காசு வாங்க மட்டும் தேதி தவறாமல் வருவார்.

வீட்டுக்கு வீடு டிவி என்பதை முடித்து வைத்தது 2006 செப்டம்பர் 15இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம். மாநிலம் முழுக்க ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் போயின. ‘கவர்மெண்டு டிவி’ சின்னது என்று முதலில் இளக்காரமாகப் பேசினார்கள்; திறந்து பார்த்த மெக்கானிக்குகள் ‘உள்ள நல்ல சாமான்தான்’ என்று சொன்ன பிறகு பேச்சு அடங்கியது. பஞ்சாயத்து டிவி அறை பூட்டியபடி கிடந்து, பிறகு சாமான் போடும் அறையானது.

இதற்கிடையில் கடைவீதியில் மஞ்சள் பலகைகள் முளைத்திருந்தன. எஸ்.டி.டி. பூத்தில் ஓடும் சிவப்பு எண்களைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டும். நலம் விசாரிப்பதற்குள் பன்னிரண்டு ரூபாய் ஆகிவிடும். இணையம் இந்தியப் பொதுமக்களுக்கு 1995 ஆகஸ்ட் 15இல் திறந்தாலும், சிறு ஊர்களுக்கு அது பிரவுசிங் சென்டராக வந்தது 2000க்குப் பிறகு. பிளைவுட் தட்டிகளுக்கு நடுவே நான்கைந்து கணினிகள். ஆண்டில் ஒரு நாள் மட்டும் அது ஊரின் மையமாகும்: பிளஸ் டூ தேர்வு முடிவு நாள். பதிவெண் எழுதிய சீட்டோடு பிள்ளைகளும் பெற்றோரும் வாசலில் நிற்க, உள்ளே பக்கம் திறக்காமல் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். மதிப்பெண் வந்ததும் கடைக்காரர் முதலில் பையனின் முகத்தைப் பார்ப்பார், பிறகுதான் எண்ணைச் சொல்வார். பிறகு பொறியியல் விண்ணப்பம், பாஸ்போர்ட், பட்டா என்று விண்ணப்ப வேலைகள் பெருகி, இந்தக் கடைகளில் பல இணையச் சேவை மையங்களாக மாறின. இன்றும் சுட்டியைப் பிடிப்பது கடைக்காரர்தான். மனுதாரர் பக்கத்து நாற்காலியில் ஆதார் அட்டையோடு உட்கார்ந்திருப்பார்.

செல்போன் பரவியதற்குக் கருவியைவிடக் கட்டண விதியே காரணம். வரும் அழைப்புக்கும் காசு என்ற நிலை 2003 மேயில் மாறியது. அதே ஆண்டில் நோக்கியா 1100 வந்தது. தலையில் டார்ச், புழுதி போகாத விசைப்பலகை, நான்கு நாள் தாங்கும் பேட்டரி. இரவில் மோட்டார் போடப் போகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? கட்டையை டார்ச்சுக்குப் போடுவதா ரேடியோவுக்கா என்ற பழைய தகராறும் இதோடு தீர்ந்தது. கீழே விழுந்தால் மூன்றாகப் பிரியும், சேர்த்துப் போட்டால் பேசும் என்பதுதான் அதற்கு ஊர் கொடுத்த நற்சான்று. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை திறந்ததும் வட மாவட்டங்களின் பெண்கள் பலர் பிளஸ் டூ முடித்த கையோடு அங்கே வேலைக்குப் போனார்கள். 2014 நவம்பர் 1இல் அது மூடப்பட்டபோது திரும்பி வந்தார்கள்.

பணம் குறைவாக இருந்தவர்களுக்கு மிஸ்டு கால் ஒரு தனி மொழி. ஒரு முறை அடித்தால் பஸ் ஏறிவிட்டேன், இரண்டு முறை அடித்தால் வண்டி எடுத்துக்கொண்டு வா.

நோக்கியாவின் மரியாதைக்கு நேர் எதிர் சைனா செட். மீடியாடெக் சில்லில் ஓடிய இந்தப் பெயரில்லாப் போன்களில் இரண்டு சிம், பெரிய திரை, மெமரி கார்டு, எல்லாவற்றுக்கும் மேலாகத் தெருவே கேட்கும் ஸ்பீக்கர். ‘சத்தம் அள்ளும், ஆறு மாசம் தாங்காது’ என்று விற்கிறவரே சொல்லி விற்றார். வாங்கியவர்களும் தெரிந்தேதான் வாங்கினார்கள். கட்டட வேலைக்கும் கரும்பு வெட்டவும் போகிறவர்களுக்கு அது போன் என்பதைவிட ரேடியோ. அடையாள எண் இல்லாத செட்டுகளை 2009 டிசம்பர் 1 முதல் அரசு முடக்கியபோது, சிம் வேலை செய்யாமல் போன பிறகும் பாட்டுக்காகவே அவற்றை வைத்துக்கொண்டவர்கள் உண்டு.

ரெக்கார்டிங் சென்டர் இருந்த இடத்தில் செல் கடை உட்கார்ந்தது. விரல் நகத்தளவு மெமரி கார்டை நீட்டி, ‘பாட்டு ஏத்திக் குடுங்க’ என்றால் போதும். கடைக்காரரின் கணினியில் இளையராஜா ஹிட்ஸ், ரகுமான் ஹிட்ஸ், கானா, கூத்துப் பாட்டு, சாமி பாட்டு, டிஜே மிக்ஸ் என்று மஞ்சள் உறைகள் வரிசையாக இருக்கும். இருபது முப்பது ரூபாய்க்குக் கார்டு நிறைய ஏற்றித் தருவார். பட்டியல் எழுதி வந்த வழக்கம் இங்கே செத்தது. வாடிக்கையாளர் ஒன்றிரண்டு பெயர் சொல்வார். மீதி முந்நூறு பாட்டும் கடைக்காரரின் ரசனை. கேட்காமலே ஏறிய பாட்டில் சில பின்னால் ஒருவரின் உயிர்ப்பாட்டாகவே ஆகிவிடும். மலையில் சேராப்பட்டு, வெள்ளிமலைப் பக்கமிருந்து சந்தைக்கு இறங்கி வருபவர்கள், மேலே டவர் கிடைக்காது என்பதால், மாதத்துக்கு வேண்டியதை ஒரே நடையில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அரிசி, பருப்பு, உப்புப் பட்டியலில் பாட்டும் ஒன்று.

2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் இந்தக் கடைகளுக்கு இன்னொரு வேலை கொடுத்தது. முதல் தவணைக் கருவிகளில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய கட்டற்ற இயங்குதளமான பாஸ் லினக்ஸும் இருந்தது. மாணவர்கள் பள்ளியிலிருந்து நேரே செல் கடைக்கு வந்து அதை அழிக்கச் சொல்லி, அந்த இடத்தில் படங்களை ஏற்றிக்கொண்டார்கள். கட்டற்ற மென்பொருள் பற்றி மேடையில் பேசியவர்களுக்கு வருத்தம்தான். ஆனால் வீட்டில் முதல் கணினி வைத்திருந்த பிள்ளைக்கு, அதைத் திறந்து பார்த்துச் சொல்லிக்கொடுக்க வேறு ஆள் இல்லை.

2016 செப்டம்பர் 5இல் ஜியோ வந்து, தரவு கிட்டத்தட்டச் சும்மா கிடைக்கத் தொடங்கியதும் பாட்டு ஏற்றும் தொழில் ஓரிரு ஆண்டில் படுத்தது. 2018 தொடக்கத்தில் ஏர்செல் நின்றபோது, எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற இதே கடைகளின் முன் கூட்டம் நெருக்கியடித்தது. கடைகளுக்கு அதுவே கடைசிப் பெருநாள். இப்போது அங்கே விற்பவை டெம்பர் கண்ணாடி, பின்கவர், சார்ஜர். எந்தப் போன் வாங்கலாம் என்ற தீர்ப்பும் கடை மேசையை விட்டு யூடியூப் விமர்சகர்களிடம் போய்விட்டது. டிஸ்ப்ளே போனால் மாற்ற எவ்வளவு ஆகும் என்பதை மட்டும் இன்னும் கடைக்காரரிடமே கேட்கிறார்கள். அந்தக் கணக்கு விமர்சகர்களின் காணொளியில் பெரும்பாலும் வருவதில்லை.

பார்த்த ஊர் இப்போது படமும் பிடிக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தின் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்ட பிறகு, கிராமமே காட்சிப்பொருளாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. டிக்டாக்கை 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சில வாரம் தடுத்தது. 2020 ஜூன் 29இல் மத்திய அரசு அடியோடு நிறுத்தியது. அதில் ஆடியவர்கள் வேறு செயலிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். பாரதக் கூத்தின் முழு இரவும் இன்று யூடியூபில் கிடைக்கிறது. வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் தங்கள் ஊர்த் திருவிழாவைப் போனில் பார்க்கிறார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளி போனுக்குள் வந்தபோது மலை மறுபடி தனித்து நின்றது. டவர் எட்டும் மேட்டைத் தேடிப் பிள்ளைகள் நடந்தார்கள்.

இந்த மாவட்டத்தைப் பொறுத்தவரை இணைய ஊடகத்தின் வரலாற்றில் தவிர்க்க முடியாத நாள் 2022 ஜூலை 17. சின்னசேலம் அருகே கனியாமூரில் ஒரு பள்ளி மாணவி இறந்ததைத் தொடர்ந்து, வாட்ஸ்ஆப் குழுக்களில் பரவிய அழைப்புகளால் பல ஊர்களிலிருந்து கூட்டம் திரண்டது. போராட்டம் கலவரமாகிப் பள்ளிக் கட்டடமும் பேருந்துகளும் எரிந்தன. யூடியூப் சேனல்கள் ஆளுக்கொரு விசாரணை நடத்தியதை நீதிமன்றமும் கண்டித்தது. குழாய் ரேடியோ காலத்தில் ஒரு செய்தி யார் வாயிலிருந்து கிளம்பியது என்பது ஊருக்குத் தெரிந்திருக்கும். குழுவில் வந்த செய்திக்கு அந்த முகம் இல்லை.

ரேடியோ கட்டும் தொழில் அழிந்துவிடவில்லை. ஒலி மாசு விதிகள் 2000இல் வந்து, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை வந்தது. கூம்புக் குழாய்களைக் காவல்துறை கழற்றச் சொன்னது. இப்போது வண்டியில் வருபவை ஆளுயரப் பெட்டி ஸ்பீக்கர்கள், வண்ண விளக்குகள், ஜெனரேட்டர். தட்டும் இல்லை, ஊசியும் இல்லை; ஆம்ப்ளிபையரின் நெற்றியில் பென் டிரைவ் செருக ஒரு துளை, பக்கத்தில் புளூடூத். பையன் நாற்காலியில் சாய்ந்து போனிலிருந்து பாட்டுப் போடுகிறான். பந்தியில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறான். முதல் பாட்டு இன்றும் சீர்காழியின் பிள்ளையார் பாட்டுதான். அதற்கு முன் போனை ஃபிளைட் மோடில் போட்டுவிட வேண்டும். மறந்துவிட்டால், யார் கூப்பிட்டாலும் மணி தெரு முழுக்க அடிக்கும்.